கம்பி போன மாகாணங்கள்

"நம்ம மாகாணத்துக்கு வடக்கே என்ன இருக்கு?" என்று பூகோள டீச்சர் என்னைக் கேட்டார்.

புதிதாகச் சேர்ந்த பெண், கூச்சப்படுகிறாள், எளிதாக ஏதாவது கேட்டுப் பேச வைப்போம் என்றுதான் கேட்டிருப்பார். நான் எழுந்து, தரையைப் பார்த்தபடி, "கடல்" என்றேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அது மலை மாகாணம். வடக்கே போனாலும் மலை, தெற்கே போனாலும் மலை. கடல் இருந்தது அதற்கு முன்னால் நாங்கள் குடியிருந்த மாகாணத்தில். அங்கே இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி 'சபாஷ்' வாங்கியிருக்கிறேன்.

"கடல் இங்க ஏறி வந்தா அதுக்கு மூச்சு வாங்குமேம்மா" என்றார் டீச்சர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் மறுநாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். அந்த வயிற்று வலி அப்படியே நீண்டுவிட்டது. "சரி விடு, அடுத்த மாகாணத்துல சேத்துக்கலாம்" என்றார் அப்பா. அடுத்த மாகாணம் வந்தபோது அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

என் மேல் மட்டும் தப்பில்லை, புத்தகத்தின் மேலும் தப்பு இருக்கிறது. எந்த மாகாணத்தில் சேர்ந்தாலும் பூகோளத்தின் முதல் பாடம் 'நமது மாகாணம்'தான். அது முடிந்து 'நமது நாடு' தொடங்குவதற்குள் அப்பாவின் லைன் நகர்ந்துவிடும். நாட்டை நான் படிக்கவே இல்லை. நமது மாகாணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லைகளும் ஆறுகளும் மாறும். ஒரு வரி மட்டும் எல்லாப் புத்தகத்திலும் அப்படியே இருக்கும்: 'நமது மாகாணத்து மக்கள் எளிமையானவர்கள், உழைப்பாளிகள், விருந்தினரை உபசரிப்பதில் சிறந்தவர்கள்.'

நான் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா துணி பிழிவதை நிறுத்தினாள். "அப்ப குழாய்ல பூட்டுப் போட்டாளே ஒருத்தி, அவ எந்த மாகாணம்? மேகத்துலேருந்து இறங்கி வந்தவளா?"

அப்பா டவர் லைன் போர்மேன். ஊர் விட்டு ஊர் மின்சாரம் கொண்டு போகிற பெரிய கம்பிகளுக்கு இரும்புக் கோபுரம் நிறுத்துகிற கூட்டத்தை நடத்துகிறவர். லைன் போகிற வழியெல்லாம் அவர் போவார். அவர் பின்னால் ஒரு லாரியில் நாங்கள் போவோம், மடிக்கிற கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, பாத்திர மூட்டையோடு. மடியாத எதையும் அம்மா வாங்க மாட்டாள்.

அப்பாவுக்கு மாகாணம் என்றால் மண். கோபுரத்தின் நான்கு காலுக்கும் குழி தோண்டுகிறவருக்கு வேறெப்படித் தெரியும்? ஆற்று மாகாணத்தை 'வண்டல்' என்பார். கடல் மாகாணம் 'மணல்'. மலை மாகாணம் 'வெடி', ஏனென்றால் அங்கே வெடி வைத்தால்தான் குழி. அம்மாவுக்கு மாகாணம் என்றால் சோப்பு நுரை. ஆற்றில் நுரை அடங்காது, கடல் பக்கம் நுரையே வராது, மலையில் நுரை வரும், துணிதான் காயாது.

எனக்கு மாகாணம் என்றால் வாடகை வீடும் அதன் பேச்சும். ஆற்று மாகாணத்தில் எல்லா வீட்டுக்கும் உயரமான படி. வெள்ளத்துக்குப் பயந்து கட்டியது. படியேறி வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்குவார்கள். எதைக் கேட்டாலும் "கண்டிப்பா" என்பார்கள், எதுவும் நடக்காது, ஆனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது, அவ்வளவு இனிமையாகச் சொல்வார்கள். கடல் மாகாணத்தில் தாழ்ப்பாள் எல்லாம் துருப்பிடித்துவிடும். அதனாலோ என்னவோ யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா நேரே அடுப்படிக்கு வந்து, மூடியைத் திறந்து பார்த்து, "உப்பு பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போவாள். காற்றை மீறிப் பேசிப் பழகியதால் அங்கே ரகசியம் என்று ஒன்று கிடையாது. மலை மாகாணத்தில் வாக்கியமே பாதிதான் வரும். ஏறும்போது பேசிப் பழகியவர்கள், மூச்சைச் செலவு பண்ண மாட்டார்கள்.

இருக்கும்போது எனக்கு எந்த மாகாணமும் பிடித்ததில்லை. லாரி கிளம்பி, கடைசித் தெரு திரும்பும்போதுதான் பிடிக்க ஆரம்பிக்கும். மலையில் இருந்தபோது, மூடியைத் திறந்து பார்க்க யாராவது வர மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். இங்கே வந்த பிறகு, ஈரத்துணி வாசனை எங்கிருந்தாவது வந்தால் நின்றுவிடுவேன், அந்த மலை வீட்டில் கொடியெல்லாம் அதே வாசனைதான். இன்னும் பார்க்காத மாகாணத்தின் மேல் ஆசை அதைவிட அதிகம். அங்கே போனால் நான் வேறு மாதிரிப் பேசுவேன், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இங்கே என்பது மேட்டு மாகாணம். மலைக்கும் இதற்கும் நடுவில் எல்லை. அந்த எல்லையில் ஒரு கோபுரம் நிற்கிறது, இரண்டு கால் அங்கே, இரண்டு கால் இங்கே. வேறு இடம் அமையவில்லையாம். லாரியை நிறுத்தி அப்பா எனக்கு அதைக் காட்டினார்.

"ரெண்டு ஆபீசும் அளக்க ஆள் அனுப்பினாங்க. மலைக்காரர் வந்தார், அளந்தார், கையெழுத்துப் போட்டார், போயிட்டார். 'வணக்கம்'கூட பாதிதான் சொன்னார். இந்தப் பக்கத்து ஆள் டீ குடிச்சார், எனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டார், உங்கம்மாவுக்கு மூட்டு வலி இருக்கான்னு கேட்டார். கையெழுத்துன்னு சொன்னேன். 'பாக்கலாம்'னார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு கால்ல எத்தனை நாள் நிக்கும் டவர்? நடையா நடந்தேன்."

அந்த 'பாக்கலாம்' எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கடல் மாகாணத்தில் 'பாக்கலாம்' என்றால் போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம், கையாட்டிக்கொண்டே சொல்வார்கள். மலை மாகாணத்தில் அது சத்தியம் மாதிரி. ஓட்டு வீடு ஒழுகுகிறது, நாளைக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு ஒருவர் "பாக்கலாம்" என்றார். விடியும்போது கொட்டுகிற மழையில் கூரை மேல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்த முதல் வாரம், குழாய் ஒழுகுகிறது என்று அம்மா வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். "பாக்கலாம்" என்றாள் வீட்டுக்காரம்மா. அம்மா குளித்து, கூடத்தைப் பெருக்கி, குழாய்க்காரருக்கு டீ போட்டு வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தாள். மேட்டு மாகாணத்தில் 'பாக்கலாம்' என்றால் முடியாது. முகத்தில் அடித்த மாதிரி 'முடியாது' சொல்வது இவர்களுக்கு அசிங்கம்.

வீட்டுக்காரம்மா கீழே பட்டன் கடை வைத்திருக்கிறாள், மேலே எங்களுக்கு இரண்டு அறை. டெய்லர்களுக்கு வேண்டிய பட்டன், நூல், லைனிங் துணி, ஜிப், ஊக்கு எல்லாம் கடையில் உண்டு. ஊரே அவளைப் பட்டன் அக்கா என்று கூப்பிடும். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மேல உக்காந்து சுவத்துல ஓட்டை எண்ணறதுக்கு கீழ வந்து பட்டனுக்கு எத்தனை ஓட்டைன்னு பாரேன்" என்று கூப்பிட்டாள். சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற பட்டனில் ஒன்று தைத்திருக்கும். டெய்லர் ஒரு துண்டுத் துணியைக் கொடுப்பார். அதற்குப் பொருந்துகிற நிறத்தை எடுத்து வைக்க வேண்டும். பேச வேண்டியதே இல்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

லைன் இந்த ஊர்ச் சப்ஸ்டேஷனில் முடிவதாக இருந்தது. இதுதான் கடைசி, இதற்கப்புறம் ஒரு இடத்தில் உட்காருவோம் என்று அப்பா மலையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். கோபுரங்கள் ஊரை நெருங்க நெருங்க அம்மா அவற்றைக் கொடியில் துணி போடும்போது பார்த்துக்கொண்டே இருப்பாள். கம்பி இழுத்து முடிக்கப் போகிற வாரத்தில் ஒரு நாள் அவள் பீரோ வாங்கிவிட்டாள்.

இரும்பு பீரோ, இரட்டைக் கதவு, ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. வண்டியில் வந்து இறங்கியதும்தான் தெரிந்தது, எங்கள் மாடிப்படியின் வளைவில் அது திரும்பாது. நிறுத்திப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். பட்டன் அக்கா வாசலில் நின்று, "பீரோ கீழயே இருக்கட்டும், நீங்க வந்து வந்து துணி மாத்திக்கங்க" என்றாள்.

மத்தியானம் அப்பாவின் ஆட்கள் வந்தார்கள். கோபுரத்துக்கு இரும்பு ஏற்றுகிற கப்பியையும் கயிற்றையும் மொட்டை மாடியில் கட்டினார்கள். ஜன்னல் கம்பியை வெல்டர் அறுத்து எடுத்தார். வேகமாக ஏறுவதால் அணில் என்று பெயர் வாங்கிய ஆள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கயிற்றைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணி, நூத்தம்பது அடி உயரத்துல இரும்பு தொங்கறப்பகூட எனக்குக் கை நடுங்கல. உங்க கண்ணாடிக்கு நடுங்குது."

"உடைஞ்சா உங்க அண்ணன்தான் தினம் எனக்கு முகம் காட்டணும்" என்றாள் அம்மா.

அப்பா தெருவில் நின்று, கையை மட்டும் அசைத்து ஏற்று, நிறுத்து என்று காட்டிக்கொண்டிருந்தார். தெருவே நின்று பார்த்தது. பீரோ ஆகாயத்தில் மெதுவாகச் சுற்றியபோது கண்ணாடியில் எதிர்வீட்டு ஜன்னல், கடைப் பலகை, அப்பாவின் தலை எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. உள்ளே இழுத்து வைத்ததும் வெல்டர் ஜன்னல் கம்பியைத் திரும்ப ஒட்டினார்.

"இனிமே இத எறக்கணும்னா சுவத்த இடிக்கணும் அண்ணி" என்றார் அணில்.

"யார் எறக்கச் சொன்னா?" என்றாள் அம்மா.

அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

அன்று சாப்பிடும்போது அம்மா, "இங்கயே இருந்துடலாங்க. நுரை வரல, பரவாயில்ல" என்றாள்.

"பாக்கலாம்" என்றார் அப்பா.

"எந்த மாகாணத்து பாக்கலாம்?"

அப்பா சிரித்தார்.

லைனில் மின்சாரம் விட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். தன் சட்டைக் கையைக் காட்டி, "இதுக்கு ஒரு பட்டன் குடும்மா" என்றார். அந்தச் சட்டைக் கையில் ஏற்கெனவே பட்டன் இருந்தது. பட்டன் அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"அடுத்த லைன் வந்திருக்கு" என்றார் அப்பா.

நான் ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தேன்.

"சதுப்பு. நான் இதுவரைக்கும் சதுப்புல டவர் நிறுத்தினதே இல்ல. குழி தோண்டினா தண்ணி வந்துடுமாம். நீளநீளமா தூண் இறக்கி, அது மேலதான் நிறுத்தணும். இரும்பெல்லாம் படகுல போகுது. பெரிய இன்ஜினியரே கூப்பிட்டுக் கேட்டார், நீ வரியான்னு." அவர் குரல் எனக்குத் தெரியாத யாரோ ஒரு பையனின் குரல் மாதிரி இருந்தது. "அங்க பக்கத்து வீட்டுக்குப் போகக்கூட படகாம். தெருவே கிடையாது."

"ஜனங்க எப்படிப்பா?"

"தெரியல. போனாதான் தெரியும்."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நீ சொல்லேன்."

"நீங்களே சொல்லுங்கப்பா."

அவர் பெட்டிகளின் முகங்களில் இருந்த பட்டன்களைப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "நீ வரியா?" என்றார்.

தெரு இல்லாத ஊர். துடுப்பு போடுகிற சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஜனங்களாக இருக்கலாம். எல்லைகளைக் கேட்டால் என்ன சொல்வார்கள், தண்ணீருக்கு வடக்கே தண்ணீர் என்றா? வருகிறேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் எனக்கு எப்போதும் பெரிய வார்த்தை வாயில் வராது. மலையில் கூரை மேல் மழையில் உட்கார்ந்திருந்தவர் ஞாபகம் வந்தது. அவ்வளவு உறுதியாகத்தான் சொன்னேன்:

"பாக்கலாம்ப்பா."

அப்பா தலையாட்டினார். "சரிம்மா" என்றார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். அது எந்த மாகாணத்துச் சொல் என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அம்மாவிடம் அவர் வாயால் சொல்லவில்லை. பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு பீரோவின் பக்கம் திரும்பினாள்.

"இத வித்துட்டு வரவா, முதுகுல கட்டிக்கிட்டு வரவா?"

"நீ வர வேணாம். லீவுக்கு லீவு நான் வந்துடறேன்."

"எத்தன நாளா யோசிச்சு வச்ச வசனம் இது?"

"சதுப்புடி. உனக்கு ஒத்துக்காது."

"எனக்கு எது ஒத்துக்கும்னு உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?" என்றாள். ஆனால் குரலில் சண்டை இல்லை. அன்று முழுவதும் அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். காலர் மடிப்பில் மறுபடி மறுபடி தேய்த்தாள்.

ராத்திரிக்கு முன்பே நானும் ஒரு துணிப்பையில் என் பாவாடை சட்டைகளை அடுக்கினேன். அம்மா பார்த்தாள்.

"நீயுமா?"

"ஆமாம்மா."

பீரோவைத் திறந்து, அவளுடைய கம்பளியை எடுத்து என் பையில் திணித்தாள். "தண்ணி ஊரு. குளிரும். அவர்கிட்ட தெளிவா சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப சரி" என்றாள். பீரோவைச் சாத்தியபோது கண்ணாடியில் அவள் முகம் வந்தது. அவள் அதைப் பார்க்காமல் நகர்ந்தாள்.

லாரி மறுநாள் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருவதற்குள் கடையில் ஒரு கை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனேன். சொல்லிக்கொண்டு வரவும் வேண்டும் இல்லையா. பட்டன் அக்கா இன்னும் வரவில்லை. நான் கடையைத் திறந்ததும் கல்யாணச் சட்டைகள் தைக்கிற டெய்லர் அவசரமாக வந்து நின்றார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு துண்டுத் துணி. சாம்பலும் இல்லாத, நீலமும் இல்லாத நிறம்.

நான் ஒரு பெட்டியை எடுத்து வைத்தேன்.

"இது கறுப்பு மாதிரி தெரியுதேம்மா."

"வெளிச்சத்துல வச்சுப் பாருங்க மாஸ்டர். கடைக்குள்ள எல்லாமே கறுப்புதான்."

"அந்த இன்னொரு பெட்டி?"

"அது போன தடவ எடுத்துட்டுப் போயி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திட்டினாங்கன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க. இருமல் எப்படி இருக்கு இப்ப?"

"இருமலுக்கென்ன, அது என் கூடவே இருக்கும். பெண்டாட்டி மாதிரி."

"அவங்க கேட்டா இருமலே மேல்னு சொல்வாங்க."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். துணியைப் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தோம். லாரி வந்து நின்றிருந்தது. மாடிப்படியின் கீழே அப்பா நின்றிருந்தார், டிரங்குப் பெட்டி காலடியில். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பின்னால் அம்மா படியிறங்கி வந்தாள். என் துணிப்பை அவள் கையில் இருந்தது. அதைப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா பையைப் பார்த்தார். இது யாருடையது என்பது போல அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைக் கை காட்டினாள். அவர் முகம் ஒரு கணம், சதுப்பைப் பற்றிப் பேசிய அன்றைக்கு இருந்த மாதிரி ஆனது.

"நாலு ஓட்டையா, ரெண்டு ஓட்டையா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே, இதோ வந்துவிட்டேன் என்று நான் அப்பாவுக்குக் கையைக் காட்டினேன்.

"நாலு. இந்த நிறம்தான் சரிங்கறியா? உன்ன நம்பித்தான் எடுக்கறேன்."

"நம்புங்க. சரியில்லன்னா நேரா என்கிட்ட கொண்டாங்க."

சொன்ன பிறகுதான், கொண்டுவந்தால் நான் இருக்க மாட்டேனே என்று உறைத்தது. அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வெளி ஆளோடு இப்படிப் பேசிச் சிரித்து எந்த மாகாணத்திலும் அவர் பார்த்ததில்லை. பிறகு குனிந்து டிரங்குப் பெட்டியை ஒரு கையால் தூக்கினார். இன்னொரு கையால் என் பையைப் பிடித்து, எடை பார்க்கிற மாதிரி கொஞ்சம் உயர்த்தினார். அதைத் தரையில் விடவில்லை. இரண்டு படி ஏறி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

முதலில் பெட்டியை ஏற்றிவிட்டு, பைக்கு வருவார் என்று நினைத்தேன். பட்டன்களைக் காகிதத்தில் மடித்து மாஸ்டர் கையில் கொடுத்தேன். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவள் தோளை ஒரு முறை தொட்டார். லாரியின் பின்பக்கம் அணில் கை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்பா முன்பக்கம் போய், கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் பை படியிலேயே இருக்க, லாரி தெருவைத் தாண்டி, கடைசி வீட்டருகில் திரும்பியது.